மருமகளுக்கு விழுந்த சீட்டு

பிள்ளைகள், போன இரண்டு மாசமாக அப்பா ஏன் அப்படித் திரிந்தவர் என்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்டிருக்கிறியள். என்னட்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன். வாய் திறந்தால் எனக்குக் கோவம் முதல் வரும், விஷயம் பிறகுதான் வரும். அதனால் எழுதுகிறேன். நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன், அதிலும் இரண்டு பாடம் விட்டவன். பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சரிடம் காட்ட வேண்டாம். எங்களுக்குள் இருக்கட்டும்.

சின்னவள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நாங்கள் இருக்கிறது கனடாவில. நீங்கள் ஏன் எந்த நேரமும் ஐரோப்பா நியூஸ் பாக்கிறீங்கள்?" நான் "சும்மா" என்று சொன்னேன். சும்மா இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. மோர்னிங்சைட் பிளாசாவில் அம்மா மீன் வாங்க உள்ளே போய்விட்டா. நான் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தேன். டென்மார்க்கில் இருந்து மாமி போன் எடுத்தா. என்ரை தங்கச்சி, உங்களுக்கு இருக்கிற ஒரே மாமி. அவ ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுக்கிறவ. சனிக்கிழமை எடுத்தால் யாரோ செத்திருக்க வேணும், இல்லாட்டில் யாருக்கோ கலியாணம் சரிவந்திருக்க வேணும்.

"அண்ணை, பிள்ளைக்குச் சீட்டு வந்திருக்கு. அடுத்த மாசம் குலுக்கல்."

எனக்குச் சந்தோஷம். "அட, நீங்களும் அங்க சீட்டுப் போடத் தொடங்கிட்டியளோ? முதல் குலுக்கலிலயே விழுந்தால் வலு நல்லம். உன்ர பிள்ளை ராசிக்காரி. கட்டாயம் விழும் பார்."

எங்கட ஆக்கள் இருபது பேர் சேர்ந்த இடத்தில் ஒரு சீட்டு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாசா மாசம் எல்லாரும் போட்டு, பெயர்களைக் குலுக்கி, விழுந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போவார். இங்கே ரூஜ் பக்கம் எத்தனையோ பேர் வீடு வாங்கினது அப்படித்தான். சீட்டு விழுந்திட்டுது என்றால் கைகுடுக்கிற செய்தி. நானும் போனிலேயே கைகுடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் தங்கச்சி அழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, உது காசுச் சீட்டு இல்லை. ஆமிச் சீட்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னா. அந்த நாட்டில் பதினெட்டு வயது வந்த பெடியங்களை ராணுவத்துக்கு ஆள் எடுக்க ஒரு நாள் கூப்பிடுவார்கள். உடம்பைச் சோதித்து, ஒரு சோதனையும் வைத்து, பிறகு ஒரு பெட்டிக்குள் கைவிட்டு நம்பர் இழுக்கச் சொல்லுவார்கள். தாங்களாக வந்து சேருகிற ஆட்கள் போதாவிட்டால் அந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். இது கனகாலமாக உள்ள வழக்கம்தான். ஆனால் முந்தி பெட்டையள், பொம்பிளைப் பிள்ளையள், இழுக்க வேண்டியதில்லை. இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பெட்டையளும் இழுக்க வேணும். உங்கட மச்சாளுக்கு, என்ரை மருமகளுக்கு, பதினெட்டு முடிந்த கையோடு போனில் கடிதம் வந்துவிட்டது. அங்கே அரசாங்கக் கடிதம் எல்லாம் இப்போது போனில்தான்.

"நம்பர் விழுந்து கூப்பிட்டால் எவ்வளவு காலம்?" என்று கேட்டேன்.

"முந்தி நாலு மாசம். இப்ப கூட்டிப்போட்டாங்கள்."

"எத்தினை?"

"பதினொரு மாசமாம், அண்ணை."

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி இருந்தோம். அம்மா மீன் பையோடு வந்து கதவைத் திறந்து என்ரை முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டா.

பதினொரு மாசம் என்ற சொல்லில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நான் கனடா வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் நான் ஒரே ஆண்பிள்ளை. நான் வந்து கொஞ்சக் காலத்தில் அங்கே ஊரில் இயக்கக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் தரவேணும் என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் கொடுக்க மிஞ்சியிருந்தது தங்கச்சி. அவவுக்குப் பதினேழு. பக்கத்து வீட்டுப் பிள்ளையை, ஒரு கூட்டம் இருக்கு, பின்னேரம் வந்திடுவா என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் வரவில்லை. அந்தப் பிள்ளை பிறகு வரவேயில்லை. அடுத்த நாள் விடியமுதல் அப்பு, உங்கட அப்பப்பா, தங்கச்சியை ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சாமானறைக்குள் கொண்டுபோய் விட்டார். அங்கே அவ இருந்தது பதினொரு மாசம்.

அந்த நேரம் நான் இங்கே வெக்ஸ்போர்டில் நாலு பெடியங்களோடு ஒரு அப்பார்ட்மென்ரில் இருந்தேன். தங்கச்சியின் கடிதம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. "அண்ணை, சன்னலுக்குச் சவுக்காரப் பெட்டி மட்டை அடிச்சிருக்கு. வெளியில மழையோ வெயிலோ எண்டு சத்தத்தை வைச்சுத்தான் பிடிக்கிறன்" என்று எழுதியிருந்தா. என்னைக் குறைசொல்லி ஒரு வரி இல்லை. ஆனால் நான் வீட்டில் நின்றிருந்தால் அந்த ஒராள் நானாக இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் அதைக் கதைத்ததில்லை. பிறகு டென்மார்க்கில் மாப்பிள்ளை பொருந்தி, அவ அந்த அறையில் இருந்து வெளியில் வந்து, கொழும்புக்குப் போய், பிளேன் ஏறினா. இனி ஒருத்தரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று நினைத்துப் போன நாடு அது. அந்த நாடுதான் இப்போது அவவின் மகளைக் கேட்கிறது.

அன்றையில் இருந்துதான் நான் ஐரோப்பா நியூஸ் பார்க்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் அரைவாசிதான் பிடிபடும். மிச்சத்தை எனக்கு விளங்கப்படுத்தினது என்னோடு பிரஸ் மெஷினில் வேலை செய்கிற லத்வியாக்காரன். அவனுக்கு என்ரை வயதுதான். ரஷ்யாவுக்குப் பக்கத்து நாட்டுக்காரன். சிரிக்காமல் பகிடி விடுவான். பிரேக் நேரம் கறுப்புப் பாணைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"நாங்கள் ஐரோப்பாக்காரர் அடுப்புக்கு எரிவாயு ஒரு வீட்டில வாங்கினம். காவலுக்கு நாயை இன்னொரு வீட்டில இரவல் எடுத்தம். எங்கட சாமானை மூண்டாம் வீட்டில வித்தம். நல்லா இருந்துது. இப்ப எரிவாயு தந்தவன் அயல் வளவுக்குள்ள பாய்ஞ்சிட்டான். நாய் தந்தவன், இனி நீயே வளத்துக்கொள், இல்லாட்டி எனக்கொரு தீவைத் தா எண்டுறான். மூண்டாம் வீட்டுக்காரன் எங்கட சாமானைத் தானே செய்து எங்களுக்கே கொண்டந்து விக்கிறான்."

"அப்ப இனி என்ன செய்யப் போறியள்?"

"நாய் வளக்கப் பழகிறம். குட்டி இப்பதான் கண் முழிச்சிருக்கு."

அவன் சொன்னதில் எனக்கு ஒரு பங்கு இருந்தது. அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேணும். எங்கட பட்டறையில் தகட்டை அழுத்திப் பிராக்கெட் செய்கிறோம். முந்தி எங்கட ஸ்கிட் எல்லாம், அதுதான் சாமானை அடுக்கிக் கட்டுகிற பலகைத் தட்டு, தெற்கே அமெரிக்காவுக்குத்தான் போகும். அவர்கள் வரி போட்ட பிறகு ஓடர் விழுந்துபோய், எனக்குக் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. நீங்கள் கேட்ட சம்மர் காம்ப் அந்த வருஷம் ஏன் இல்லை என்று இப்போது விளங்கும். பிறகு ஒருநாள் பார்த்தால் ஸ்கிட்டில் ஒட்டியிருந்த லேபிளில் ஐரோப்பாத் துறைமுகத்தின் பெயர். ஐரோப்பா தன்ரை ஆமிக்கு லொறி செய்கிறதாம், லொறிக்கு எங்கட பிராக்கெட். ஐந்து நாளும் வேலை வந்தது, இடைக்கிடை சனிக்கிழமை ஓவர்டைமும் வந்தது. நான் அந்த லேபிளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மூத்தவளுக்கு ஸ்கேற்ஸ் வாங்கினது அந்த ஓவர்டைமில்.

தங்கச்சி எடுத்த அந்தப் போனுக்குப் பிறகு அந்த லேபிள் வேறு மாதிரித் தெரிந்தது. எனக்குச் சனிக்கிழமை வேலை தந்த பயமும் என்ரை மருமகளை நம்பர் இழுக்கக் கூப்பிட்ட பயமும் ஒன்றுதானே. இதை நான் தங்கச்சிக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. வேலையை விடவும் இல்லை.

ஆனால் ஒன்று செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்குச் சொன்னேன்: "பிள்ளையை இஞ்ச அனுப்பு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"என்னத்தை அண்ணை பாக்கப்போறியள்?"

"நீ அனுப்பு."

மிச்சம் என்ன என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தக் கிழமையே பேஸ்மென்ரில் இருந்த பழைய சாமான் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். கட்டில் ஒன்று பொருத்தினேன். மெத்தை, போர்வை, ஒரு சின்ன மேசை விளக்கு. மூத்தவள் படியால் இறங்கி வந்து பார்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"மச்சாள் வந்து நிக்கப்போறாள்."

"ஓ, நைஸ். எத்தினை நாளைக்கு?"

"பதினொரு மாசம்."

அவள் என்னைப் பார்த்தாள். அம்மா அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேணும். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? அவள் அந்த நாட்டுச் சிற்றிசன். வரச்சொன்ன நாளைக்குப் போகாட்டி அவளுக்குத்தான் பிரச்சினை. இது உங்கட நாடு மாதிரி இல்லை."

"என்ர நாட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். அதுக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், பிள்ளை. அன்றைக்குக் கேட்கவில்லை.

அவள் திரும்பிக் கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் அப்பா ஜன்னலை மூடி வைச்சிருக்கிறீங்கள்?"

நானும் திரும்பிப் பார்த்தேன். பேஸ்மென்ரில் இருக்கிற அந்த ஒரேயொரு சின்ன ஜன்னலுக்கு, ரீவி வந்த பெட்டியின் மட்டையை அளவாக வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. ஒரு இடைவெளி இல்லை. வெட்டினது நான்தான். ஒட்டினதும் நான்தான். ஏன் என்று யோசித்துச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"குளிர் வரும்" என்றேன்.

"அது டபிள் கிளாஸ், அப்பா" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

நான் மட்டையைக் கழற்றவில்லை.

இரண்டு நாளால் சாப்பாட்டு மேசைக்குச் சின்னவள் லப்ரொப்பைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். அவளும் அக்காவும் கதைத்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தது.

"அப்பா, கனடாவுக்கும் டென்மார்க்குக்கும் தரையில ஒரு எல்லை இருக்கு. தெரியுமா?"

"விசர்க் கதை கதைக்காதை. நடுவில கடல்."

"மேப்பைப் பாருங்கோ." வடக்கே பனிக்கடலுக்குள், டென்மார்க்கின் கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவில் ஒரு பாறை. மரம் இல்லை, ஆள் இல்லை. அந்தப் பாறை யாருடையது என்று இரண்டு நாடும் கன வருஷம் இழுபறிப்பட்டதாம். கனடா ஆமி போய்க் கொடியை நட்டுவிட்டு ஒரு போத்தல் விஸ்கியை வைத்துவிட்டு வரும். பிறகு டென்மார்க் ஆமி போய்த் தங்கட கொடியை நட்டுவிட்டுத் தங்கட சாராயப் போத்தலை வைத்துவிட்டு வரும். கடைசியில் சில வருஷத்துக்கு முன்னம் இருந்து கதைத்து, பாறையை நடுவால் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா சோற்றைப் போட்டபடி சிரிக்கத் தொடங்கினா. "உங்கட அப்புவும் பக்கத்து வளவுக்காரரும் ஒரு சாண் வேலிக்கு முப்பது வருஷம் கோட்டுக்கு ஏறி இறங்கினவை. ஒரு போத்தலை வேலியில வைச்சிருந்தால் ஒரு கிழமையில முடிஞ்சிருக்கும்."

"அப்புவுக்குக் குடிப்பழக்கம் இல்லை" என்றேன்.

"அதுதான் முடியேல்லை."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதே தங்கச்சிக்கு எடுத்தேன். "தங்கச்சி, நீயும் நானும் இப்ப பக்கத்து வளவு, தெரியுமோ?" என்று பாறைக் கதையைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவ முதல்முதல் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அப்ப வேலியைத் தள்ளாதையுங்கோ அண்ணை. ஏற்கனவே எங்கட கிரீன்லாந்துத் தீவை அமெரிக்கா கேட்டுக்கொண்டு நிக்குது."

"எங்கட நாட்டையே கேட்டவை. நீங்கள் தீவோட தப்பிட்டியள்."

அவ சிரித்து முடிய, "அண்ணை, பிள்ளை வரமாட்டாளாம்" என்று சொன்னா. "நான் போறன் அம்மா, ஒளிக்கமாட்டன் எண்டுறாள். நான் என்ன செய்ய?" போய் வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகவேண்டாம் என்று சொல்லவும் எனக்கு என்ன உரிமை.

அந்த நாளும் வந்தது. நான் காலை ஏழு மணி ஷிஃப்ட். அங்கே அப்போது பின்னேரம் ஒரு மணி. போனை லொக்கருக்குள் வைக்க வேணும், பிரேக் நேரம்தான் பார்க்கலாம். ஒன்பதேகாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தங்கச்சி அனுப்பினது ஒரே ஒரு மெசேஜ். அதில் ஐந்து இலக்கம் மட்டும்: 33407. வேறு ஒரு சொல் இல்லை.

திருப்பி எடுத்தேன். எடுக்கவில்லை. இன்னொருக்கால் எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது.

நம்பர் பெரிதாக வந்தால் நல்லதா சின்னதாக வந்தால் நல்லதா என்று நான் தங்கச்சியிடம் கேட்கவேயில்லை. கேட்க வேணும் என்று தோன்றவும் இல்லை. எங்கட ஆள் ஒரு நம்பரைக் கண்டால் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். கார் நம்பருக்கும் வீட்டு நம்பருக்கும் செய்கிறது. கூட்டினேன். மூன்றும் மூன்றும் ஆறு, நாலு பத்து, ஏழு பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

எட்டு. சனியின் எண். இந்த வீடு வாங்கேக்கை எட்டு வருகிறது என்று நான் வேண்டாம் என்று சொன்ன வீடு இரண்டு. தகரக் கதிரையில் இருந்துவிட்டேன். லத்வியாக்காரன் வந்து என்ன என்று கேட்டான். போனைக் காட்டினேன்.

"உது நல்ல நம்பரா கூடாத நம்பரா?" என்று கேட்டான்.

"கூடாது. எட்டு."

"எங்க எட்டு? இதில எட்டே இல்லையே."

அவனுக்கு விளங்கப்படுத்த எனக்கு அந்த நேரம் முடியவில்லை. மெஷினுக்குப் போனேன். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் அடித்த துண்டுகளில் கனக்கக் கழிவுப் பெட்டிக்குத்தான் போனது. சுப்பவைசர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ரை மூளைக்குள் ஒரு பிள்ளை ஒரு பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டே இருந்தது. சில நேரம் அது மருமகள். சில நேரம் தங்கச்சி. ஒருக்கால் மூத்தவளாயும் இருந்தது.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டு நேரம். லொக்கரைத் திறக்கவே போன் அடித்தது. மருமகள்.

"மாமா! நான் உள்ளுக்க இருந்து அனுப்பின நம்பரை மட்டும்தானாம் அம்மா உங்களுக்கு அனுப்பினவ. அதோட அவவின்ர போன் செத்துப்போச்சு. ஒரு மணித்தியாலமா உங்களுக்கு எடுத்துப் பாக்கிறன். நீங்கள் பயந்திருப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"பிள்ளை, எட்டு வருதே."

"என்ன எட்டு?"

"கூட்டினால் எட்டு வருது."

"ஏன் மாமா கூட்டுறீங்கள்?" அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதில் இருந்து தள்ளிப் பிடித்தேன். "கூட்டிறேல்ல, மாமா. அது பெரிய நம்பர். பெரிய நம்பர் எண்டால் ஃப்ரீ. சின்ன நம்பர்காரரைத்தான் கூப்பிடுறது. என்னைக் கூப்பிட மாட்டினம். முடிஞ்சுது."

நான் லொக்கர் கதவைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொருக்கால் சொல்லு."

"ஃப்ரீ, மாமா. ஃப்ரீ."

பிறகு அவள் தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். கண் பார்த்தார்களாம், காது பார்த்தார்களாம், பாணும் சீஸும் தந்தார்களாம். துப்பாக்கி தூக்க மனம் இல்லாத ஆட்கள் எழுதிக்கொடுத்து வேறு வேலை கேட்கலாமாம். அவளோடு வரிசையில் நின்ற ஒருத்தி நம்பர் இழுக்க முதலே தானாகப் பெயர் கொடுத்துவிட்டாளாம், பெரிய லொறி ஓடப் பழகலாம் என்று. லொறி என்றதும் எனக்கு என்ரை பிராக்கெட் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை ஓடுகிற லொறியில் அது ஒழுங்காக இருக்க வேணும் என்று நினைத்தேன். அன்றைக்குக் காலமை நான் அடித்த துண்டு ஒன்றும் அதில் இருக்கக்கூடாது.

"சின்ன நம்பர் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டேன்.

"போயிருப்பன் மாமா. அம்மாவிட்டைச் சொல்லாதேங்கோ."

"சொல்லமாட்டன்." இதை நீங்களும் மாமியிடம் சொல்லவேண்டாம்.

"மாமா, அம்மா என்ன செய்தவ தெரியுமோ? விடியப்புறம் கொண்டந்து விட்டவ வீட்டை போகவேயில்லை. முழுநாளும் கேற்றுக்கு முன்னால காருக்குள்ள இருந்திருக்கிறா. வேற ஒரு அம்மாவும் அங்க இல்லை. எனக்கு எவ்வளவு வெக்கம்!"

"அவவிட்டைக் குடு."

தங்கச்சி வாங்கினா.

"தங்கச்சி, பெரிய நம்பராம். இனிக் கூப்பிட மாட்டினமாம்."

"நம்பரை விடுங்கோ அண்ணை." அவவின் குரல் நான் இத்தனை வருஷமாகக் கேட்காத குரல். சின்ன வயதுக் குரல். "நாலரைக்கு முடியும் எண்டு கடிதத்தில போட்டிருந்தவை. நாலரைக்கு வெளியில வந்திட்டாள். தன்ர காலால நடந்து வந்தவள், அண்ணை. கையில ஒரு அப்பிள். நாலரைக்கு எண்டு சொன்னவை, நாலரைக்கு அனுப்பிப்போட்டினம்."

"ஓம்" என்றேன்.

"பின்னேரம் வந்திட்டாள்."

"ஓம், தங்கச்சி."

"நான் உங்களை ஒருநாளும் பிழையா நினைச்சதில்லை, அண்ணை." எதுக்குச் சொல்கிறா என்று நான் கேட்கவில்லை. அவவும் விளங்கப்படுத்தவில்லை. பிறகு காரை எடுக்க வேணும், பிள்ளைக்குப் பசிக்குதாம் என்று சொல்லி வைத்துவிட்டா.

நான் கொண்டுபோன புட்டைச் சூடாக்காமலே தின்றேன். இவ்வளவு ருசியாகப் புட்டுத் தின்று கனகாலம். லத்வியாக்காரன் எதிரே வந்து இருந்தான். "எட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டான். "ஃப்ரீ" என்றேன். அவன் தன்ரை கறுப்புப் பாணில் பாதியைப் பிய்த்து என்ரை புட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

பிள்ளைகள், ஐரோப்பாவின் பிரச்சினை அன்றைக்கு முடிந்துபோனது என்று நான் எழுதவில்லை. இன்னும் முடியவில்லை. அடுத்த வளவுக்குள் பாய்ந்தவன் இன்னும் வெளியில் போகவில்லை. எரிவாயுவும் சாமானும் விலைதான், தங்கச்சி ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவா. அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்து சின்ன நம்பர் இழுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். அந்த நாடு செய்கிறது சரியோ பிழையோ என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒரு நாடு பயந்துபோயிருக்கிற நேரத்திலும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் நேரம் சொல்லிக் கூப்பிட்டு, சொன்ன நேரத்துக்குத் திருப்பி அனுப்பும் என்று எனக்கு முந்தித் தெரியாது. எனக்கு அது புதுசு. மூத்தவள் அன்றைக்குப் பேஸ்மென்ரில் சொன்னது இதைத்தான். நான்தான் கேட்கவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தா, நீங்கள் இரண்டு பேரும் நீச்சல் வகுப்பில். சப்பாத்தைக் கழற்றாமல் பேஸ்மென்ருக்கு இறங்கினேன். லைற்றைப் போடவில்லை. தடவித்தான் போனேன். நான் ஒட்டின டேப் நல்ல டேப், லேசில் வரவில்லை. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுக்க, சுவர்ப் பெயின்ரும் ஒரு துண்டு சேர்ந்து வந்தது. நாலு பக்கமும் இழுத்தேன். ஜன்னலுக்கு வெளியே போன வருஷத்து இலைச் சருகு கொஞ்சம் கிடந்தது, அதுக்கு மேலால் வெயில் வந்து கட்டிலில் விழுந்தது. மட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து, பிறகு நாலாக முறித்து, மேலே கொண்டுபோய் நீலத் தொட்டிக்குள் போட்டேன். அடுத்த நாள் குப்பை எடுக்கிற நாள். தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் ரோட்டுக்கரையில் விட்டேன்.